ஷிஜோ சார் சொன்னார்

மகளின் அறை நடுவில், தரைக்கும் கூரைக்குமாக நின்ற எஃகுக் கம்பத்தை முதன்முதலில் பார்த்தபோது, வீட்டு ஓனர் ஆள் அனுப்பிக் கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார் என்றுதான் தனசிங் நினைத்தான். அருவங்காட்டில் அந்த வருஷம் மழை அப்படி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பின்சுவரே சரிந்து ஓடைக்குள் போயிருந்தது.

"பரவாயில்லையே, நாம கேக்காமயே செஞ்சுட்டாரே" என்று சொல்லிக்கொண்டே கம்பத்தைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க. கையில கிரீஸ் இருக்கும்" என்றாள் ஜெஸிந்தா. "அது முட்டு இல்லீங்க. என்னுது."

தனசிங் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெஷின் ஃபோர்மேன். வீட்டுக்கு வரும்போது அவன் கையில் கிரீஸ் இருப்பது உண்மைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அதை ஜெஸிந்தா ஒரு குறையாகச் சொன்னதில்லை.

"உன்னுதுன்னா?"

"போல் டான்ஸுங்க. அந்தக் கம்பம்."

தனசிங்குக்குத் தெரிந்த போல் டான்ஸ், சினிமாவில் வில்லன் உட்கார்ந்து குடிக்கிற இடத்தில் நடப்பது. அவன் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான்.

"எதுக்கு இப்பத் திரையை மூடறீங்க? உடற்பயிற்சிங்க இது. நம்மூர்ல மல்லர் கம்பம் இல்லையா, அந்த மாதிரி."

"அது ஆம்பளைங்க கோவணம் கட்டிட்டு ஏறறது."

"இது பொம்பளைங்க டவுசர் போட்டுட்டு ஏறறது. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஜெஸிந்தா மெட்ரிக் பள்ளியில் ஆங்கில டீச்சர். உட்கார்ந்து பேப்பர் திருத்தித் திருத்தி முதுகு பிடித்துக்கொண்டது. உடம்பில் தசையே இல்லை, வலு ஏற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் நடக்கப் போனாள். ரேஷன் கடை வளைவில் ஒரு காட்டெருமை அவளுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. யோகா வகுப்பில் சேர்ந்தாள். சவாசனத்தில் குறட்டை விட்டதாகப் புகார் வந்தது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனபின் அந்த அறை சும்மாதான் கிடந்தது. இதெல்லாம் தனசிங்குக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்.

"யார் சொல்லித் தர்றா?"

"ஷிஜோ சார். ஸ்ரீமதுரையில இருந்து. ஆன்லைன்ல."

கூடலூருக்கு அந்தப் பக்கம், இஞ்சியும் வாழையும் விளைகிற ஸ்ரீமதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் போல் டான்ஸ் சொல்லித் தருகிறான் என்பதை இன்னொரு நாளாக இருந்தால் தனசிங் சிரித்துக் கழித்திருப்பான். அன்றைக்கு அவன் காதில் விழுந்து தங்கியது ஊர்ப் பெயர் அல்ல. 'சார்' என்கிற சொல்.

"மிஸ் யாரும் கிடைக்கலையா?"

"இவர் சர்க்கஸ்ல இருந்தவருங்க. பாதுகாப்பா சொல்லித் தர்றார்னு எல்லாரும் சொல்றாங்க. பாருங்க."

செல்போனை நீட்டினாள். படத்தில் ஒருவன் கம்பத்தை இரண்டு கைகளால் பிடித்து, உடம்பைத் தரைக்கு இணையாக நீட்டி, காற்றில் கொடி போல நின்றான். வயிறு என்று சொல்லிக்கொள்ள அவனிடம் எதுவும் இல்லை. தனசிங் தன் ஸ்வெட்டரைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சந்தேகப் புருஷன் என்ற பெயர் வரும். அதனால் அவன் மெஷின்காரனாகப் பேசினான்.

"ஜெஸி, எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா இது ஆபத்து. ஸ்குரு இல்லாம வெறும் அழுத்தத்துல நிக்குது பாரு. மேல இருக்கறது பலகைக் கூரை. வெள்ளைக்காரன் காலத்துப் பலகை. நீ தொங்கினா அதுவும் சேர்ந்து வந்துடும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது. தனசிங்குக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

மறுநாள் அவன் ஷூவைக் கழற்றுவதற்குள் அவளே வந்தாள்.

"ஷிஜோ சார்கிட்ட கேட்டேங்க. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரியாம். பலகையில நிறுத்தவே கூடாதாம். பலகைக்கு மேல ஓடற உத்தரத்தைக் கண்டுபிடிச்சு, அதுக்கு நேர் கீழ நிறுத்தணுமாம். உங்களால முடியுமான்னு கேட்டார்."

"முடியுமான்னு கேட்டானா?"

"கேட்டார்."

அந்த ஒரு கேள்வியில் தனசிங் விழுந்தான். சனிக்கிழமை முழுக்க ஸ்டூல் மேல் நின்று விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டித் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தை வைத்து உத்தரத்தைக் கண்டுபிடித்தான். சில்வர் ஓக் கட்டையில் கனமான தாங்குபலகை ஒன்று செதுக்கி இடையில் கொடுத்தான். ரசமட்டம் வைத்து, இம்மி சாயாமல் கம்பத்தை நிறுத்தி முறுக்கினான். எல்லாம் முடிந்ததும், விழுந்து தொலையட்டும் என்ற நப்பாசையில் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். கம்பம் அசையவில்லை. இருபது வருஷமாக மெஷின்களை அசையாமல் நிறுத்திய கை அது. கெட்டதாக வேலை செய்ய அதற்குத் தெரியவில்லை.

ஜெஸிந்தா கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஷிஜோ சார் சொன்ன மாதிரியே வந்துடுச்சுங்க" என்றாள்.

வகுப்பு சாயங்காலம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அவள் பயிற்சி செய்வாள். தனசிங்குக்குக் கேட்டதெல்லாம் பாதிப் பேச்சுதான்.

"சரி சார்... வலது பக்கம் முடிஞ்சா இடது பக்கமும், ஆமாங்க சார்... இல்ல, தலைகீழ இப்ப வேண்டாம், முதல்ல ஏறக் கத்துக்கறேன்..."

இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல். பிறகு ஒரு சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை. புதிது. ஒரு நாள் கதவில் காதை வைத்து நின்றபோது தெளிவாகவே கேட்டது.

"யாரு, அவரா? அவரைப் பத்திக் கேக்காதீங்க சார். ஆரம்பிச்சா கிளாஸ் முடிஞ்சுடும்."

மறுபடி அந்தச் சிரிப்பு.

தனசிங்குக்குக் காது சூடாகிவிட்டது. தன் தொப்பையா, குறட்டையா, காரமான கேரட் பொரியலுக்கு விக்குவதா, எதைச் சொல்லிச் சிரிக்கிறாள் என்று பட்டியல் போட்டுக்கொண்டே நின்றதில் கதவு திறந்ததைக் கவனிக்கவில்லை.

"இங்க என்ன பண்றீங்க?"

"நீ... விழுந்து கிழுந்துட்டா? பக்கத்துல ஆள் வேண்டாமா? அதான் நிக்கறேன்."

அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுநாளிலிருந்து பொய்யை நிஜமாக்குவதற்காகத் தினமும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டியதாயிற்று.

அந்த வாரமே அவள் ஒரு புது லோஷன் வாங்கி வந்தாள். மல்லிகை வாசம். குளிருக்குக் கை கால் வெடிக்கிறது என்றாள். பதினெட்டு வருஷமாக வெடிக்காத கை இப்போது ஏன் வெடிக்கிறது என்று தனசிங் யோசித்தான். செல்போன் வழியாக வாசம் ஸ்ரீமதுரைக்குப் போகாது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, மனசு கேட்கவில்லை. லோஷனை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தான்.

"லோஷனை எடுத்தது நீங்களா?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"ஆமா."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னான். "கம்பத்துல ஏறும்போது வழுக்கும்ல."

அவள் மறுபடி அவனை அப்படிப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் ஷிஜோ சாரும் அதைச் சொன்னார். பயிற்சி அன்னிக்கு உடம்புல எண்ணெய், கிரீம் எதுவும் கூடாதுன்னு."

தன் சொந்தப் பொய்யைக்கூட அந்த ஆள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான் என்று தனசிங்குக்கு ஆற்றாமையாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஜெஸிந்தா முன்னேறிக்கொண்டிருந்தாள். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக் கொண்டுபோனாள். தொடையில் நீலமாகக் கன்றியிருந்ததைக் காட்டி, கம்பத்தைத் தொடையால் இறுக்கி உட்காரப் பழகுகிற இடம் அப்படித்தான் இருக்கும், ஆறிவிடும் என்று பெருமையாகச் சொன்னாள். ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. இடைவெளியில் பார்த்தான். அவள் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். காலை மடக்கிப் பிடித்து, கையை மாற்றி, மறுபடி காலை மடக்கி, கூரைப் பலகையை விரல் நுனியால் தொட்டாள். தொட்டுவிட்டு அங்கேயே நின்றாள். அந்த முகத்தை மகள் பிறந்த அன்றைக்குப் பார்த்திருக்கிறான். அதற்குப் பின் எத்தனையோ நல்ல நாள் வந்து போயிருக்கிறது. இந்த முகம் வரவில்லை. அதை வரவழைத்தது வேறொருவன் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சத்தம் போடாமல் நகர்ந்துவிட்டான்.

ஃபேக்டரியில் ரோலர் பார்க்கும் ஆறுச்சாமியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். தன் வீடு என்று சொல்லாமல், தெரிந்தவர் ஒருத்தர் என்று சொன்னான்.

"அந்தத் தெரிஞ்சவருக்குக் கை கால் நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டான் ஆறுச்சாமி.

"இருக்குது."

"அப்பறம் என்னங்க. அவரும் ஏறிக் காட்டட்டும். பொம்பளைங்க டிவியில வர்றவனைப் பார்த்து வாயைப் பொளக்கறது, ஊட்டுல இருக்கறவன் அதைச் செய்யாததுனாலதான். செஞ்சுட்டா அவன் எதுக்கு?"

தனசிங்குக்கு இது நியாயமாகப் பட்டது. இயந்திரம் தெரிந்தவனுக்கு ஒரு கம்பம் எம்மாத்திரம்.

ஜெஸிந்தா பள்ளிக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டான். அறைக்குள் போய், செல்போனில் ஷிஜோவின் வீடியோக்களைப் பார்த்தான். முதல் வீடியோ உடம்பைச் சூடேற்றுவது பற்றி. தள்ளினான். இரண்டாவது, பிடிமானம் பற்றி. தள்ளினான். ஏறப் பழகாமல் தலைகீழாகப் போகாதீர்கள் என்று எச்சரித்த வீடியோவையும் தள்ளினான். தலைகீழாகத் தொங்குகிற வீடியோவில் நிறுத்தினான். ஜெஸி இன்னும் அதற்கு வரவில்லை. முதலில் செய்துவிட வேண்டும்.

ஸ்வெட்டரும் பேன்ட்டுமாக ஏறியதில் துணி வழுக்கி, கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடியே தரைக்கு வந்து சேர்ந்தான். தோல்தான் பிடிக்கும், துணி பிடிக்காது என்று அப்போது புரிந்தது. பழைய டவுசரைத் தேடி மாட்டினான். குளிர் காதை அடைக்கும் என்று குரங்குக் குல்லாவை மட்டும் கழற்றவில்லை. எஃகு ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து, காலைத் தூக்கி வீசினான். எப்படியோ ஒரு முட்டி கம்பத்தில் மாட்டிக்கொண்டது. உலகம் தலைகீழானது. சாதித்துவிட்டோம் என்று ஒரு மூச்சு சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் தெரிந்தது. தொங்குவதற்குத்தான் வீடியோ பார்த்திருக்கிறான். இறங்குவதற்குப் பார்க்கவில்லை. அவள் தினமும் விரிக்கிற மெத்தை சுவரோரம் சுருட்டி வைத்தபடி இருந்தது.

"ஜெஸி, தயிர் இருக்குதா?" என்று சமையலறை வழியாகக் குரல் வந்தது. பக்கத்து வீட்டு பிலோமி அக்கா. கதவைத் தட்டி வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தனசிங் மூச்சை அடக்கினான். கையில் கிண்ணத்தோடு பிலோமி அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தாள்.

"தம்பி, என்ன பண்றீங்க?"

"கூரை ஒழுகுதுக்கா. அதான் பார்க்கறேன்."

"நீங்க தரையைப் பார்த்துட்டு இருக்கீங்க."

"இப்பத்தான் பார்த்து முடிச்சேன்."

"இறக்கி விடட்டுங்களா?"

"வேண்டாங்க்கா. நீங்க தயிரை எடுத்துட்டுப் போங்க."

அவள் கேட்காமல் வந்து காலைப் பிடித்தாள். இவன் கூச்சத்தில் உதறினான். தோள்பட்டை இடிபடத் தரையில் வந்து விழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட அந்தச் செய்தி காத்திருக்கவில்லை. மாலைக்குள் கோயில் பாட்டுக்குழு வாட்ஸ்அப்பில், தனசிங் தம்பிக்கு ஜெபம் தேவைப்படுகிறது என்று வந்துவிட்டது.

"கம்பத்துல ஏறினீங்களா?" ஜெஸிந்தா தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"உறுதியா இருக்குதான்னு டெஸ்ட் பண்ணினேன். அடுத்து நீ தலைகீழா தொங்கணுமில்ல. அதுக்கு முன்னாடி ஆம்பளை எடையைத் தாங்குதான்னு பார்க்க வேண்டாமா?"

தைலம் தேய்த்த கை நின்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துத் தனசிங் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் ஷிஜோ சார் சொன்னதாக, தோளுக்குப் பயிற்சி ஒன்று காட்டினாள். சுவரில் கையை வைத்து மெல்ல மேலேற்ற வேண்டும். தன் தோளிலும் அந்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று பொருமிக்கொண்டே தனசிங் செய்தான். வலி குறைந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை இடி விழுந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை ஷிஜோ சார் நம்ம ஊட்டுக்கு வர்றார். ஊட்டியில ஏதோ வேலையாம். உங்களைத்தான் முக்கியமா பார்க்கணுமாம்."

"என்னையா? எதுக்கு?"

"தெரியலை. குரலே ஒரு மாதிரி இருந்துது."

ஒருத்தன் பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், புருஷனைப் பார்க்க எதற்கு மலையேறி வர வேண்டும்? தனசிங்குக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக்கூட அவனால் முடியவில்லை. மூன்று நாள் ஃபேக்டரியில் அவன் போட்ட நட்டுகளை ஆறுச்சாமி பின்னாலேயே வந்து முறுக்கிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோள் வலி என்று சொல்லி ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் தங்கினான். கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டான். 'மிஸ்டர் ஷிஜோ, இது குடும்பம் நடத்துகிற வீடு' என்று கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தான். கண்ணாடியில் இருந்தவனே மசியவில்லை. அப்போதுதான் கண்ணில் தேங்காய் எண்ணெய் பட்டது.

வந்தவன் சும்மா இருப்பானா, கம்பத்தைப் பார்த்ததும் ஏறிக் காட்டுவான். ஜெஸி முன்னால் சர்ரென்று வழுக்கி உட்காரட்டும். ஒரு தடவை போதும்.

கம்பம் முழுக்க மெல்லிசாகத் தடவினான். கையைக் கழுவிவிட்டு, டீ போட்டுக் குடித்தான். பல நாள் கழித்து டீ டீயாக ருசித்தது.

பாதி டம்ளரில் வாசல் கதவு திறந்தது. பிரசங்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஜெஸிந்தா உள்ளே போனாள். தனசிங் மீதி டீயைக் குடித்தான். அறைக்குள் மெத்தை விரிக்கிற சத்தம் கேட்டது.

"சார் வர்றதுக்குள்ள தலைகீழ ஒருதடவை போட்டுப் பார்த்துடறேங்க. கூரை வரைக்கும் ஏறி, அங்கிருந்து."

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. அறைக்குள் அவன் பாய்ந்தபோது அவள் இரண்டு கைகளையும் கம்பத்தை நோக்கி உயர்த்தியிருந்தாள். குறுக்கே போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தொடாதே. ஜெஸி, தொடாதே."

"என்னாச்சு?"

"நீ ஏற வேண்டாம்."

அவள் கையை இறக்கினாள். முகம் கறுத்தது. "பிடிக்கலைன்னா முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை நாள் கூட நின்னுட்டு, இன்னிக்கு வந்து சொல்றீங்க."

"அதில்ல. எண்ணெய். கம்பத்துல எண்ணெய் தடவிட்டேன்." கூரைக்குப் பக்கத்தில் அவள் நின்ற உயரம் கண்முன் வந்து வந்து போனது. "விழுந்திருப்பே. தலைகீழா விழுந்திருப்பே."

"எதுக்கு எண்ணெய்?"

அவனிடம் பொய் எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்தான். இருந்தது. "மழைக்குத் துருப் பிடிச்சுடும்னு. மெஷினுக்குப் போடறோமில்ல."

"இது துருப் பிடிக்காத எஃகுங்க. ஃபோர்மேனுக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தவள், வேர்த்துப்போன அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கழற்றி வைத்திருந்த துப்பட்டாவை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். இருவரும் சேர்ந்து ஸ்பிரிட் போட்டுக் கம்பத்தைத் துடைத்தார்கள். தனசிங் திரும்பத் திரும்பத் துடைத்தான். இனிமேல் ஷிஜோ வந்து என்ன கேட்டாலும் கேட்கட்டும், இவள் முழுசாக நிற்கிறாள், அது போதும் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது.

மத்தியானம் ஜீப் வந்து நின்றது. வாழைத்தாரைத் தோளில் சுமந்தபடி வேட்டி கட்டிய ஓர் ஆள் இறங்கினான். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். கூடவே ஒரு பெண்.

"என் வொய்ஃப், கலைமதி" என்றான் ஷிஜோ. தனசிங்கின் கையைக் குலுக்கினான். அந்தக் குலுக்கலில் சிநேகம் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தான். தொப்பையில் பார்வை கொஞ்சம் அதிகமாக நின்றது.

பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து எவன் இப்படி முறைப்பான் என்று தனசிங்குக்குக் குழப்பமாக இருந்தது. ஜெஸிந்தா டீ போட உள்ளே போனாள்.

ஷிஜோ கேட்காமலே அறைக்குள் போய்க் கம்பத்தின் அடியைப் பார்த்தான். அண்ணாந்து தாங்குபலகையைப் பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தான்.

"இது யாரு செஞ்சது சேட்டா?"

"நான்தான்."

"ம்" என்றான் ஷிஜோ, கசப்பு மருந்து குடித்தவன் மாதிரி. பின்னால் நின்ற கலைமதி, "நல்லா பார்த்துக்கங்க" என்று அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அது அவனைக் குத்தியிருக்க வேண்டும். விருட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தைப் பிடித்தான். உடம்பைச் சூடேற்றவில்லை. கையைத் துடைக்கவில்லை. அவன் வீடியோக்களில் சொன்ன எதையும் செய்யவில்லை. தனசிங்குக்குத் திக்கென்றது. எவ்வளவு துடைத்தாலும் எண்ணெய் எண்ணெய்தான். காலையில் ஆசைப்பட்ட காட்சி இப்போது கண்முன் நடக்கப் போகிறது. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. ஓடிப்போய் மெத்தையை இழுத்து ஷிஜோவுக்கு நேர் கீழே போட்டான்.

ஷிஜோ கொடி மாதிரி நீண்டான். ஒரு கணம் நின்றான். பிறகு வேட்டியும் அவனுமாக நழுவி, மெத்தையில் வந்து உட்கார்ந்தான்.

"அடி பட்டுதா?" என்று கையைக் கொடுத்தான் தனசிங்.

ஷிஜோ அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கலைமதி, "பார்த்தீங்களா, மெத்தைகூட" என்று அவனிடம் சொல்லிவிட்டு, தனசிங்கைப் பார்த்துக் கைகூப்பாத குறையாக நின்றாள். ஷிஜோ எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

தனசிங் கல்யாணச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டான். ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஷிஜோ, நான் சுத்தி வளைக்கலை. நேராவே கேக்கறேன். எதுக்கு என்னைப் பார்க்க வந்தீங்க?"

ஷிஜோ திரும்பவே இல்லை. கலைமதிதான் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, கிளாஸ் பூரா ஜெஸி அக்கா உங்க புராணம்தான், இவரு போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பாடம் எடுப்பாரு, நானும் கேட்டுட்டு 'அந்த தனசிங் அண்ணன் மாதிரி ஒரு நாளாவது இருங்க'ன்னு சொல்லிச் சொல்லி, இப்ப இவருக்கு உங்க பேரைக் கேட்டாலே சோறு இறங்கறதில்லை, அப்படி என்ன பெரிய ஆளுன்னு நேர்ல பார்த்தே ஆகணும்னு கிளம்பி வந்துட்டாரு."